பழைய வீட்டைப் புதுப்பித்தோம்

(டில்லி அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலர் போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஆத்தை ரிப்பேர் பண்ணினேளே, அதைப் பத்தி அரை மணி பேசுங்கோ" என்றார். இதில் பேச என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். இந்த ஹாலில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுபதுகளில் மத்திய சர்க்கார் வேலைக்கென்று டில்லிக்கு வந்து, எண்பதுகளில் பி.எஃப். கடன் போட்டு ஒரு ஃப்ளாட் வாங்கியவர்கள். வீட்டுக்கு நாற்பது வயது, நமக்கு எழுபதுக்கு மேல். இரண்டுமே ரிப்பேருக்கு வருகிற பருவம். செம்பூரிலும் நாக்பூரிலும் கல்கத்தாவிலும் இருக்கிற நம் அங்கத்தினர்கள் கதையும் அனேகமாக இதுதான் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

எங்கள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யமுனைக்குக் கிழக்கே நான்கு அடுக்குக் கட்டடம், அதில் தரைத்தளம், இரண்டு படுக்கையறை. 1985-இல் குடிவந்தோம். 2022-இல் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக ஆயிற்று. ஆனால் அதற்குப் பிறகு வாக்கர் இல்லாமல் நடை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றுதான் தெரிந்தது, குளியலறைக் கதவின் உள்ளளவு 24 அங்குலம், வாக்கரின் அகலம் 25 அங்குலம். அந்த ஒரு அங்குலத்துக்காக இரண்டு வருஷம் அவள் வாக்கரை வாசலிலேயே விட்டுவிட்டு, நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் மூன்று அடி நடந்தாள். நான் வெளியே நின்றுகொண்டு ஒவ்வொரு நாளும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

பெங்களூரில் இருக்கும் பிள்ளை, "வித்துட்டு இங்கே வந்துடுங்கோ, இனிமே அங்கே என்ன இருக்கு?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. இவளோ, "நாப்பது வருஷமா எனக்குப் பழகின மனுஷா எல்லாம் இங்கேதான். அங்கே பத்தாவது மாடியிலே உக்காந்துண்டு யாரோட பேசறது?" என்றாள். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். யார் துணையும் இல்லாமல் அம்மா குளித்துவிட்டு வரும்படி இந்த வீட்டை மாற்ற முடிந்தால் இங்கேயே இருப்பது, முடியாவிட்டால் அடுத்த கோடைக்குள் பெங்களூர். ஆகவே எங்களுக்கு இது டைல்ஸ் மாற்றுகிற விவகாரமாக இருக்கவில்லை.

2024 அக்டோபர் முதல் வாரம் வேலை ஆரம்பம். அதே காலனியில் ஒரு சிநேகிதரின் தரைத்தள வீடு பூட்டிக் கிடந்தது, அங்கே ஜாகை மாற்றினோம். டேக்கேதார், அதாவது காண்ட்ராக்டர், 'டேட் மஹீனா' என்றார். ஒன்றரை மாதம். நாங்கள் திரும்பக் குடிவந்தது ஏப்ரலில்.

குடும்பத்தில் எல்லோரும் வேலையைப் பார்க்க வேண்டும் என்று மாட்டுப்பெண் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஏற்படுத்தினாள். பெங்களூரில் பிள்ளை, மாட்டுப்பெண், பேரன். புனேயில் பெண், மாப்பிள்ளை, பேத்தி. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் போட்டோ அனுப்ப வேண்டும். முதல் வாரம் இடிபாடுகளைத்தான் அனுப்பினேன். "ஐயோ, நம்ம ஆமா இது?" என்று பெண் அழுகிற பொம்மை போட்டாள். இரண்டாம் வாரத்திலிருந்து ஆளுக்கு ஒரு அபிப்பிராயம். டைல்ஸ் நிறத்துக்கு மட்டும் நாற்பத்தேழு செய்திகள், பேரன் எண்ணிச் சொன்னான். சுவருக்குள் போகும் குழாயைப் பற்றி ஒரே ஒரு செய்தி, அதுவும் கட்டைவிரல் படம்.

நான் பௌதிகம் படித்தவன். உத்தியோகம் பார்த்தது தணிக்கைத் துறையில். பொதுப்பணித் துறையின் மெஷர்மென்ட் புத்தகங்களை எத்தனையோ வருஷம் புரட்டியிருக்கிறேன். அதில் அளவு ஏறாத வேலைக்குப் பணம் கிடையாது. அந்தப் பழக்கத்தில் ஒரு நீளமான ரிஜிஸ்தர் வாங்கி, தேதி, வேலை, அளவு, எத்தனை ஆள், எத்தனை மூட்டை சிமென்ட் என்று தினமும் எழுதினேன். போட்டோவுக்கும் அதே முறைதான். பளபளப்பான தரையைப் படம் எடுத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அதில் தெரியாது. ஆகவே மூடப்போகிற எதையும் மூடுவதற்கு முன், பக்கத்தில் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்தேன். குழாய் தரையிலிருந்து எத்தனை அங்குலம், மூலையிலிருந்து எத்தனை என்று படத்திலேயே படிக்கலாம். பின்னால் கைப்பிடி பொருத்த டிரில் போட்டபோது, குழாயில் ஓட்டை போடாமல் தப்பித்தது இந்தப் படங்களால்தான். வீடு புதுப்பிக்கிறவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். செலவு கிடையாது.

இனி முக்கியமான விஷயம், சுவர். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு சுவர். அதை எடுத்துவிட்டால் ஓபன் கிச்சன் ஆகும், காற்று வெளிச்சம் வரும், அம்மா சமையலறையிலிருந்தே கூடத்தில் இருப்பவர்களோடு பேசலாம் என்று மாட்டுப்பெண் படம் வரைந்து அனுப்பினாள். பார்க்க நன்றாகவே இருந்தது. எல்லோரும் ஆமோதித்தார்கள். டேக்கேதார் சாக்பீஸால் சுவரில் பெருக்கல் குறியே போட்டுவிட்டார். "பாபுஜி, இரண்டு நாள் வேலை, மேலே ஒரு கர்டர் போட்டுவிடலாம்" என்றார்.

சுவரின் தடிமனை அளந்தேன், பூச்சு நீங்கலாக 9 அங்குலம். குளியலறைத் தடுப்புச் சுவர் நாலரை அங்குலம். அந்தக் காலத்து நாலு அடுக்குக் கட்டடங்கள் நிறைய தூண்கள் இல்லாதவை, செங்கல் சுவர்தான் பாரம் தாங்குகிறது. ஒன்பது அங்குலச் சுவர் மேல் மாடிகளிலும் அதே இடத்தில் இருந்தால், அதன் தலையில் மேலே உள்ள தளங்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். நாங்கள் இருப்பதோ தரைத்தளம். ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினீயரைக் கூப்பிட்டேன். ஃபீஸ் எட்டாயிரம் ரூபாய். பிள்ளைக்கு அது தண்டச் செலவாகத் தோன்றிற்று. அவர் மேல்மாடிகளுக்கும் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தொடக்கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

கர்டர் போட்டால் என்ன என்று கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கர்டர் மேலிருந்து கீழே வரும் பாரத்தை வேண்டுமானால் தாங்கும். அதற்கே எல்லா மாடிகளிலும் முட்டுக் கொடுத்து, இரண்டு முனைகளிலும் கான்கிரீட் திண்டு போட்டு, மாநகராட்சி அனுமதியும் மேலே இருப்பவர்கள் சம்மதமும் வாங்கிச் செய்ய வேண்டும். ஆனால் பூகம்பம் கட்டடத்தைப் பக்கவாட்டில் ஆட்டுகிறது. அந்த ஆட்டத்துக்கு எதிர்நின்று பிடிப்பது சுவரின் நீளம். சுவரை எடுத்துவிட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும், கர்டர் அதைத் திருப்பித் தராது. 2002-ஆம் வருஷத்து நில அதிர்வு வரைபடத்திலும் 2016 பதிப்பிலும் டில்லி நான்காவது மண்டலத்தில் இருக்கிறது. 2001 ஜனவரி 26 பூஜ் பூகம்பத்தில் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஆமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவற்றில் பலவற்றில் தரைத்தளத்தைச் சுவர் இல்லாமல், கார் நிறுத்தத் தூண் மட்டும் வைத்து விட்டிருந்தார்கள்.

அன்று இரவு வீடியோ காலில் பெரிய விவாதம். "எதிர் பிளாக்கிலே நாலு பேர் எடுத்திருக்கா, ஒண்ணும் ஆகலையே?" என்றான் பிள்ளை. "இதுவரைக்கும் ஆகலை" என்றேன். மாட்டுப்பெண்தான் பேச்சை முடித்தாள். "மேலே மூணு குடும்பம் இருக்கே அப்பா. நம்ம காத்தோட்டத்துக்காக அவாளை ஏன்...? வேண்டாம், விட்டுடலாம்" என்றாள். அவள் ஆசைப்பட்டு வரைந்த படத்தை அவளே எடுத்து வைத்தாளே, அது எனக்குப் பெரிதாகப் பட்டது. சாக்பீஸ் குறியை மறுநாள் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன்.

இதில் எதிர்பாராத ஒரு பலன். முதல் மாடியில் இருப்பவர் சாக்பீஸ் குறியை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, எங்களோடு பேசுவதையே குறைத்திருந்தார். சுவரைத் தொடவில்லை என்று தெரிந்ததும் அவரே இறங்கி வந்தார். அவர் குளியலறையிலிருந்து எங்கள் குளியலறைக் கூரையில் பத்து வருஷமாகக் கசிவு. எத்தனையோ தடவை சொல்லியும் நடக்காத ரிப்பேருக்கு அன்றைக்கு ஒப்புக்கொண்டார், செலவு ஆளுக்குப் பாதி.

அந்தக் கூரையின் பூச்சைத் தட்டியபோது கம்பி எலும்பு மாதிரி தெரிந்தது. அதற்குக் காரணம் ரசாயனம். நல்ல கான்கிரீட்டில் சுண்ணாம்புக் காரம் நிறைய இருக்கிறது, பி.எச். அளவு 12-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பி துருப்பிடிக்காது. வருஷக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு மெள்ள உள்ளே இறங்கிக் காரத்தைக் குறைக்கிறது. கூடவே ஈரமும் இருந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால்தான் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்து உதிர்கிறது. மேலே மறுபடி சிமென்ட் பூசி வெள்ளையடித்தால் இரண்டு வருஷத்தில் அதே கதை. கம்பியை பளிச்சென்று தேய்த்து, துருத்தடுப்பு பூசி, அதற்கான கலவையால் அடைக்க வேண்டும். அதற்கும் முன்னால் மேலேயிருந்து வரும் தண்ணீரை நிறுத்த வேண்டும். டேக்கேதார் சொன்ன யோசனை, பிளாஸ்டிக் பலகையால் கூரையை மூடிவிடலாம் என்பது. டில்லியில் சீலன், அதாவது ஓதம், கண்ட சுவருக்கெல்லாம் இப்போது இதுதான் வைத்தியம். கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

இப்படி வேலை சூடு பிடித்த சமயத்தில் வந்தது காற்று மாசு. இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்ற ஊர் அங்கத்தினர்களுக்காகச் சொல்கிறேன். காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினால் இங்கே கட்டட வேலைகளுக்குத் தடை. 2024 நவம்பர் 15 அன்று மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு, 18 அன்று நான்காம் கட்டம். டிசம்பர் 5-க்கு மேல்தான் தளர்த்தினார்கள். டிசம்பர் 16 அன்று மறுபடியும். டில்லியில் வீட்டு வேலை தொடங்குகிறவர்கள் இடிக்கிற வேலையை அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள், அல்லது பிப்ரவரிக்கு மேல் தொடங்குங்கள். எங்களுக்கு இடித்து, குழாய்க்கான வெட்டும் முடிந்திருந்தது. தூசி கிளப்பாத பிளம்பிங், வயரிங் வேலைகளுக்குத் தடை இல்லை, அவற்றைச் செய்துகொண்டோம். மிஸ்திரியும் மற்ற ஆட்களும் பிஹாருக்குப் போய்விட்டார்கள். வேலை நின்ற நாட்களுக்கு அவர்களுக்குக் கூலி இல்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். மிஸ்திரிக்கு மட்டும் ஒரு தொகை முன்பணமாகக் கொடுத்தோம். ஜனவரியில் சொன்ன தேதிக்கு வந்து நின்றார்.

அந்த இடைவெளியில் பேரனுக்கு ஒரு வேலை கிடைத்தது. பழைய இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டு சி.பி.வி.சி. குழாய் போட்டோம். மூடுவதற்கு முன் கை பம்பால் தண்ணீர் அழுத்தம் ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இராத்திரி பத்து மணிக்கு ஒரு படம், காலை ஆறு மணிக்கு ஒரு படம் அனுப்பச் சொன்னான். முதல் ஒரு மணியிலேயே முள் சிறிது இறங்கியது. "தாத்தா, லீக்!" என்று கத்தினான். பிளாஸ்டிக் குழாய் அழுத்தத்தில் சற்றே விரிந்து கொடுக்கும், ஆகையால் முதலில் கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏற்றிவிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். ஏற்றிய பிறகு காலை வரை முள் அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னானாம். மிஸ்திரி தரை மட்டம் பார்க்க ஒரு ஒளிபுகும் ரப்பர் ட்யூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு சுவரிலும் பிடிப்பாரே, அதையும் வீடியோவில் காட்டினேன். பாடப் புத்தகத்தில் படிப்பதைவிட அது அவனுக்கு மனசில் ஏறிற்று.

சிமென்ட் பற்றி ஒரு வார்த்தை. சிமென்ட் 'காய்கிறது' என்று நாம் சொல்கிறோம், அது தப்பு. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிட்டால் பாதியில் நின்றுபோகும். சாதாரண சிமென்ட்டில் போட்ட கான்கிரீட்டை 7 நாளாவது ஈரமாக வைக்க வேண்டும், கலப்பு சிமென்ட் ஆனால் 10 நாள் என்று இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது கலப்பு சிமென்ட்தான். டில்லிக் குளிரில் இந்த வினை இன்னும் மந்தம். "தீன் தின் பஹுத் ஹை" என்றார் டேக்கேதார். பத்து நாளும் நானே காலை, மாலை போய்ச் சாக்கு நனைத்துவிட்டு வந்தேன். எனக்கும் நடந்த மாதிரி ஆயிற்று.

2025 பிப்ரவரி 17, திங்கட்கிழமை விடியற்காலை 5 மணி 36 நிமிஷம். டில்லியில் எல்லோரும் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தோமே, அந்த அதிர்ச்சி. அளவு 4.0 தான், ஆனால் மையம் நம் காலடியிலேயே, தௌலா குவானில். காலனியில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வெளிச்சம் வந்ததும் டார்ச்சோடு வீட்டுக்குப் போய்ச் சுவர்களைப் பார்த்தேன். விரிசல் எதுவும் இல்லை. இந்த அளவு அதிர்ச்சிக்குச் சுவரை எடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் இன்ஜினீயர் போனில் சொன்னார், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் மாடிக்காரர் எனக்கு முன்பே அங்கே வந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் அந்தச் சுவரைப் பார்த்தோம், ஒன்றும் பேசவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். அன்றைக்குக் குழுவில் டைல்ஸ் பேச்சு இல்லை.

இனி குளியலறை. நாலரை அங்குலத் தடுப்பை எடுத்து, பக்கத்திலிருந்த ஸ்டோரைச் சேர்த்துக்கொண்டோம். கதவு 36 அங்குலம், வெளிப்பக்கம் திறக்கும்படி. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் திறக்க முடியாது, அதனால். வாசல்படி கிடையாது. தண்ணீர் வெளியே வராமலிருக்கத் தரைக்கு எண்பதுக்கு ஒன்று சரிவு, அதாவது ஆறு அடிக்கு ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. தரைக்குச் சொரசொரப்பான டைல். இருக்கையின் உயரம் 18 அங்குலம். கைப்பிடிகள் எந்த உயரத்தில் வேண்டும் என்று எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. இவளையே அழைத்துப் போய் உட்கார வைத்து, எழுந்திருக்கும்போது கை தானாக எங்கே போகிறது என்று பார்த்துப் பென்சிலால் குறித்தோம். புனேயிலிருந்து பெண் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இன்னும் ஒரு தரம் எழுந்திரு" என்று ஐந்து தடவை எழுப்பிவிட்டாள். "என்னைத் தோப்புக்கரணம் போட வைக்கறேளா?" என்றாள் இவள். தரை போடுவதற்கு முன் இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைத்துச் சோதித்தோம், மேல்மாடியிலும் அப்படியே.

செலவு பற்றிச் செயலர் சொல்லச் சொன்னார். மதிப்பீடு பதினோரு லட்சம், ஆனது பதின்மூன்றரை. அதிகமானதில் பாதிக்கு மேல் வயரிங், ஏனென்றால் பழைய இணைப்புகளில் எர்த்தே இல்லை. கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே துண்டிக்கும் கருவி ஒன்று போட்டிருக்கிறோம். ஈரக்கையோடு கீஸரைத் தொடுகிற வீட்டில் அது அவசியம். ஒப்பந்தத்தில் ஐந்து சதவீதம் மழைக்காலம் முடிந்த பிறகுதான் என்று முதலிலேயே எழுதி வாங்கியிருந்தேன். டேக்கேதார் முணுமுணுத்தார். ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மழைக்கு நான் கூப்பிடாமலே இரண்டு தடவை வந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போனார். செப்டம்பரில் பாக்கியைக் கொடுத்து ரசீது வாங்கினேன்.

மே மாதம் பிள்ளை வந்திருந்தான். மூன்று நாள் இருந்தான். அம்மா வாக்கரோடு உள்ளே போய்க் குளித்துவிட்டு, மடிப்புடவை கட்டிக்கொண்டு அவளாகவே வெளியே வருவதைப் பார்த்தான். பெங்களூர் பேச்சை அவன் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது வராந்தா படியிலும் ஒரு கைப்பிடி போடச் சொல்லிவிட்டுப் போனான். அது இன்னும் பாக்கி. சமையலறை அலமாரியில் ஒரு கதவு சரியாகச் சாத்துவதில்லை, அதுவும் பாக்கி. இரண்டும் ரிஜிஸ்தரில் ஏறியிருக்கின்றன.

ரிஜிஸ்தரைக் கொண்டுவந்திருக்கிறேன். இன்ஜினீயர் கொடுத்த குறிப்பும், சாமான்கள் வாங்கிய விலையும் அதில் இருக்கின்றன. வேண்டியவர்கள் டிபன் சமயத்தில் பார்க்கலாம், வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் செயலரிடம் பெயர் எழுதிவைத்துவிட்டு எடுத்துப் போங்கள்.